ஐந்து பெண்கள், ஒரு வெள்ளைத் துணி: திருகோணமலையில் நடந்த கதை நிகழ்ச்சி

மட்டக்களப்பிலிருந்து வந்து கதை நிகழ்த்தும் இருவர் குழுவொன்றை எங்கள் மாதர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். ஒரு பெண் கதை சொல்கிறார், ஓர் இளைஞர் மத்தளமும் சல்லாரியும் வாசிக்கிறார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் உரிமைக்காகப் போராடிய ஐவரை எடுத்துக்கொண்டு, அவர்களாகவே நம் முன்னால் நின்று பேசுகிறார். முழுக்க முழுக்கத் தமிழில். நிகழ்ச்சி முடிந்ததிலிருந்து பாடசாலைகளிலிருந்தும் மற்றச் சங்கங்களிலிருந்தும் என்னிடம் விசாரித்தபடி இருக்கிறார்கள். கூப்பிடலாமா, காசுக்குப் பெறுமதியா, எங்கள் பெண்களுக்கு விளங்குமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

கூப்பிடுங்கள். தயங்காமல் கூப்பிடுங்கள். நான் பெண்கள் பாடசாலையில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள். வரலாற்றை மேடையேற்றுகிறோம் என்று வருகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இல்லாத வசனத்தை எழுதிச் சேர்ப்பார்கள், உள்ளதைப் பெருப்பிப்பார்கள், கண்ணீர் வரும்வரை விடமாட்டார்கள். இந்தப் பெண் பதிவில் இருப்பதை நம்பி அதிலேயே நின்றார். சபையை அழவைக்க அவர் ஓர் இடத்திலும் முயலவில்லை. அதனால்தான் அன்று அந்த மண்டபத்தில் அவ்வளவு பேச்சுப் பிறந்தது என்று நினைக்கிறேன்.

ஏற்பாட்டைப் பற்றி முதலில். கட்டணம் 35,000 ரூபாய். போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும் நம்முடையது. இரண்டு வடிவம் வைத்திருக்கிறார்கள். பாடசாலைகளுக்கு முக்கால் மணி நேரம், பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். நாங்கள் முழு நிகழ்ச்சியையும் கேட்டோம். மேடை வேண்டாம் என்றார்கள். கதிரைகளை அரைவட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு வாங்கும் ஒரு சிறு மேசையும் வைத்தால் போதும். இன்னொரு நிபந்தனையும் விதித்தார்கள். கதை தொடங்குவதற்கு முன்னால் பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை எதுவும் இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று. சங்கத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உரைகளில் களைத்துப்போன சபைக்குக் கதை சொல்வது எவ்வளவு கடினம் என்பது வகுப்பறையில் நின்றவளுக்குத் தெரியும். நான் அவர்கள் பக்கம் நின்றேன்.

உவர்மலையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. திருக்கடலூரிலிருந்து மீன் விற்கும் பெண்கள், மூதூரிலிருந்து வயல் செய்கிறவர்கள், கிண்ணியாவிலிருந்து ராத்தாமார் சிலர், என் பழைய மாணவிகள் இரண்டு மூன்று பேர். பலர் ஐந்தாம், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள். அமெரிக்க வரலாறு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

கதைசொல்லி சாதாரண நூல் சேலையில் வந்தார். ஒப்பனை இல்லை. குறிப்பாக, முகத்தில் கரி பூசவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கறுப்பினத்தவரைக் காட்டுவதென்றால் முகத்தைக் கறுப்பாக்குவதுதான் வழி என்று நம்மிடம் இன்னும் நினைக்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய கூத்துகள் 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் ஓடின. அந்த அவமானத்தை இந்தப் பெண்களின் கதைக்குள் கொண்டுவர அவருக்கு மனமில்லை. அவரிடம் இருந்தது இரண்டு முழ அகலத்தில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி மட்டுமே. அதைத் தோளில் போர்த்தித் தலையிலும் மடித்துக் கட்டினால் சோஜர்னர் ட்ரூத். இறுக்கித் தலைப்பாகையாக முடிந்தால் ஹரியட் டப்மன். கழுத்தைச் சுற்றி உயர மடித்து ஊசி குத்தினால் ஐடா பி. வெல்ஸ். இடுப்பில் கட்டினால் ஜோர்ஜியா கில்மோர். ஒரு தோளிலிருந்து பின்னால் நிலத்தில் இழுபட விட்டால், பருத்தி பறிக்கும் சாக்கை இழுத்துக்கொண்டு நடக்கும் ஃபேனி லூ ஹேமர். மாற்றுவதையெல்லாம் நம் கண்முன்னாலேயே செய்தார். மடிக்கும்போது பேசுவதில்லை, மத்தளம் மட்டும் மெல்ல ஒலிக்கும். அடுத்து வருவது யார் என்று பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ட்ரூத். 1797 அளவில் நியூயோர்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் இசபெல்லா. அவரை உடைமையாக வைத்திருந்த குடும்பத்தினர் ஒல்லாந்தர் வழி வந்தவர்கள் என்பதால், சிறுமியாக அவர் பேசியது ஒல்லாந்த மொழி மட்டுமே. இந்த இடத்தில் கதைசொல்லி பிரெட்ரிக் கோட்டை இருக்கும் பக்கம் கையை நீட்டி, “அந்தக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்தவர்களின் பேச்சுத்தான் இந்தப் பிள்ளைக்கும் முதல் பேச்சு” என்றார். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, ஆங்கிலேயர் பெயர் வைத்த கோட்டை அது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் நுழையும் வாசல். அதுவரை கதிரையில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ட்ரூத்தை அறிந்தவர்கள் எல்லோரும் எதிர்பார்ப்பது 1851இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் பெண்கள் மாநாட்டில் அவர் ஆற்றிய உரையை. “நானும் பெண்ணில்லையா” என்று திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த வடிவம்தான் உலகம் முழுவதும் சொல்லப்படுகிறது. கதைசொல்லி அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, துணியைத் தோளிலிருந்து இறக்கி, தன் குரலில் சபையிடம் பேசினார். அந்த வடிவம் உரை நிகழ்ந்து 12 ஆண்டுகள் கழித்து, 1863இல், மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் எழுதி வெளியிட்டது. தென் மாநிலத்து அடிமைகளின் பேச்சு வழக்கை அவர்தான் ட்ரூத்தின் வாயில் வைத்தார். 1851இலேயே பத்திரிகையில் வந்த அறிக்கையில் அந்தக் கேள்வி இல்லை. இதைச் சொல்லிவிட்டு மறுபடி துணியைப் போர்த்திக்கொண்டு அந்தப் பழைய அறிக்கையில் உள்ளபடி பேசினார். எந்த ஆணுக்கும் உள்ள அளவு தசை எனக்கும் உண்டு, உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், விறகு பிளந்திருக்கிறேன், என்னால் செய்ய முடியாத எதை ஓர் ஆணால் செய்ய முடியும் என்ற பகுதி. மூதூரிலிருந்து வந்த பெண்கள் பலமாகக் கை தட்டினார்கள். புகழ்பெற்ற வசனத்தை வைத்துக் கைதட்டு வாங்கியிருக்கலாம். அதை வேண்டாம் என்று பதிவின் பக்கம் போனார், அங்கேயும் கைதட்டுக் கிடைத்தது. எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்.

ஆனால் அன்று மண்டபத்தைப் பிடித்து வைத்திருந்தது உரையல்ல, பீற்றரின் கதை. ட்ரூத்தின் மகன். ஐந்து வயது அளவில் அவனை அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள். நியூயோர்க்கின் அடிமைகளை வெளி மாநிலத்துக்கு விற்பது அங்கே அன்றைய சட்டப்படியே குற்றம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் நீதிமன்றம் போனார். வழக்கு நடத்தினார். 1828இல் மகனை மீட்டார். மீண்டு வந்த பிள்ளை உடம்பெல்லாம் அடிபட்ட தழும்பு. பயத்தில் அவன் இவள் என் அம்மா இல்லை என்று கத்தினான். பிறகு வளர்ந்து 1839இல் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் வேலைக்குப் போனான். மூன்று கடிதங்கள் வந்தன. 1842இல் கப்பல் திரும்பி வந்தது, அதில் அவன் இல்லை. அதன்பின் அவனைப் பற்றி ஒரு செய்தியும் தாய்க்குக் கிடைக்கவில்லை.

எங்கள் சங்கத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். இதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கதைசொல்லி வந்து, அந்தத் தாய்மாரை மண்டபத்தின் பின்பக்கம் தனியாக இருத்தி, பீற்றரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, “அம்மா, இந்தப் பகுதியை நான் சொல்லவா, விடவா? நீங்கள் விடச் சொன்னால் விடுகிறேன்” என்று கேட்டார். அவர்களில் மூத்தவர், “சொல்லு பிள்ளை. முழுவதையும் சொல்லு. நாங்கள் மட்டும்தான் இப்படித் திரிகிறோம் என்று இவர்கள் நினைக்கக்கூடாது” என்றார். நாடகக்காரர்கள் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்தக் குழுவை அழைக்கச் சொல்வதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

அந்தப் பகுதியோடு சேர்த்து, ட்ரூத்தின் புகைப்படம் அச்சிட்ட சிறு அட்டைகளை வரிசை வரிசையாகக் கொடுத்தார்கள். வெள்ளைத் தொப்பி, தோளில் சால்வை, கையில் பின்னல் வேலை, பக்கத்து மேசையில் பூவும் புத்தகமும். 1860களில் ட்ரூத் தன் படத்தைத் தானே அச்சிட்டு விற்று வாழ்க்கை நடத்தினார். 1864இல் அந்தப் படத்தின் உரிமையைத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். ஒரு காலத்தில் இன்னொருவரின் உடைமையாக எழுதப்பட்டிருந்த பெண், தன் முகத்துக்குத் தானே உரிமைக்காரியானார். படத்தின் கீழே, உடலைத் தாங்குவதற்காக நிழலை விற்கிறேன் என்ற வரியும் உண்டு. அட்டையில் தமிழ் விளக்கம் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது, கண்ணாடி போட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. அதைப் பெரிதாக்க வேண்டும். படம் தெளிவு. என் பக்கத்தில் இருந்த அம்மா அதை வாங்கி, கைப்பையைத் திறந்து, தன் மகனின் படத்தோடு வைத்துக்கொண்டார்.

டப்மன் பகுதி எனக்கு ஏமாற்றம். தகவல் சரியாகவே இருந்தது. 1849இல் மேரிலாந்தில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி, மற்ற அடிமைகளை மீட்கத் திரும்பத் திரும்பப் போனவர். பழைய புத்தகங்கள் 300 பேரை மீட்டார் என்று எழுதினாலும், ஆய்வாளர்கள் இன்று சொல்வது சுமார் 13 பயணங்கள், சுமார் 70 பேர். கதைசொல்லி இந்தச் சிறிய எண்ணையே சொன்னார், பெருப்பிக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூன் மாதம் கொம்பாஹீ ஆற்றில் படகுகளோடு போய் 700க்கும் மேற்பட்டவர்களை ஓர் இரவில் விடுவித்த படை நடவடிக்கைக்கு டப்மன் வழிகாட்டியதையும் விட்டுவிடவில்லை. ஆனால் மத்தளக்காரத் தம்பிக்கு இங்கே உற்சாகம் மிஞ்சிவிட்டது. இரவு, காடு, ஓட்டம் என்றதும் வடமோடிக் கூத்தில் அரசன் வரவுக்கு அடிப்பதுபோல் அடித்தார். பாதி வசனம் அதில் அமுங்கிப்போனது. டப்மனின் வேலை சத்தம் காட்டாமல் நடப்பது. சிறுமியாக இருந்தபோது மேற்பார்வையாளன் எறிந்த இரும்பு எடைக்கல் தலையில் பட்டு, சாகும்வரை நடுப்பேச்சில் மயங்கி உறங்கிவிடும் நோயோடு இருந்த பெண், அப்படியும் பிள்ளைகுட்டிகளை இருட்டில் நடத்திக் கூட்டிவந்தார் என்றால் அதற்குத் தேவையான வாத்தியம் அமைதி. இதை நேரிலும் சொன்னேன். தம்பி பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

வெல்ஸ் பகுதியில் வேறு குறை. 1862இல் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்து, மஞ்சட்காய்ச்சலில் பெற்றோரை இழந்து, 16 வயதிலேயே தம்பி தங்கைகளைத் தாங்கியவர். ரயிலில் பெண்களுக்கான பெட்டியிலிருந்து எழும்ப மறுத்து, இழுத்த நடத்துநரின் கையைக் கடித்து, பிறகு ரயில் கம்பனிமேல் வழக்குப் போட்டார். 1884இல் 500 டொலர் நட்டஈடு கிடைத்தது, 1887இல் மேல் நீதிமன்றம் அதைப் பறித்தது. இதுவரை அருமையாக இருந்தது. கடித்த இடத்தில் கிண்ணியா ராத்தாமார் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆனால் 1892இல் மெம்பிஸ் நகரில் வெல்ஸின் நண்பர் தோமஸ் மொஸ் உட்பட மூன்று கடைக்காரர்களைக் கும்பல் கொன்றதும், அதை எழுதியதற்காக வெல்ஸின் பத்திரிகை அலுவலகம் நொறுக்கப்பட்டதும், ஊர் திரும்பினால் கொலை என்று மிரட்டப்பட்டதும் சில நிமிடங்களில் ஓடிவிட்டன. வெல்ஸின் பெரிய சாதனை, வெள்ளையர் கும்பல்கள் இப்படிக் கொன்ற கறுப்பினத்தவரைக் கணக்கெடுத்தது. வெள்ளையர்களின் பத்திரிகைகளே வெளியிட்ட எண்களை எடுத்து, கொல்லப்பட்டவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றம் பெரும்பாலும் பொய் என்று நிறுவினார். உங்கள் வாயால் நீங்களே சொன்னது இது என்று காட்டினார். இறந்தவர்களின் பெயரையும் நாளையும் இடத்தையும் எழுதி வைப்பதன் அருமை எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களுக்கு இன்றைக்கும் நீதி கேட்டுக்கொண்டிருக்கும் ஊர் இது. வெல்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் இந்தச் சபை அதை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கும்.

கில்மோரை நானே அதற்கு முன் அறிந்திருக்கவில்லை. மொன்ட்கொமரி பஸ் பகிஷ்கரிப்பு என்றால் ரோசா பார்க்ஸ் என்று படிப்பிப்போம். கதைசொல்லி பார்க்ஸை ஒதுக்கவில்லை, சரியான இடத்தில் வைத்தார். 1955 டிசம்பர் 1ஆம் திகதி பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்தபோது அவர் கால் வலித்த கிழவி அல்ல, 42 வயது, உரிமை அமைப்பின் உள்ளூர்க் கிளையில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்து பழகியவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்னால் அதையே செய்து கைதான 15 வயதுச் சிறுமி குளோடெட் கொல்வின். பஸ் இனப்பிரிவினையை உடைத்த வழக்கில் வாதிகளாக நின்ற நான்கு பெண்களில் கொல்வினும் ஒருவர். இவ்வளவையும் சொல்லிவிட்டு, துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, “சரி, 381 நாள் பஸ் ஏறாமல் இருந்தார்களே, இவர்களைக் காரில் ஏற்றி இறக்கப் பெற்றோலுக்குக் காசு யார் கொடுத்தது?” என்று கேட்டார்.

கில்மோர் ஒரு சமையற்காரி. பொரித்த கோழி வைத்த சான்ட்விச், கேக், இனிப்பு என்று செய்து, அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்து விற்றார். அழகு நிலையங்களிலும் வாடகைக் கார் தரிப்பிடங்களிலும் விற்றார்கள். கிடைத்த காசைத் தேவாலயக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டு வேலை செய்யும் பெண்கள், பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்பதால், எங்கிருந்தோ வந்த காசு என்று மட்டுமே சொல்லிக்கொண்டார்கள். குழுவின் பெயரும் அப்படியே அமைந்தது. 1956இல் மாட்டின் லூதர் கிங்கின் வழக்கில் சாட்சி சொன்னதற்காகக் கில்மோரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் தன் வீட்டுச் சமையலறையையே கடையாக்கினார். கிங்கும் மற்றத் தலைவர்களும் அங்கே வந்து சாப்பிட்டார்கள்.

இந்தப் பகுதியில் கதைசொல்லி சபைக்குள் இறங்கி நடந்தார். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடும் எங்கள் உறுப்பினர் ஒருவரிடம், “அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை பொதி போடுவீர்கள்? மா என்ன விலை? கையில் என்ன மிஞ்சும்?” என்று கேட்டார். அக்கா கணக்கைச் சொன்னார். மாவின் விலை, தேங்காயின் விலை, எரிவாயு, கடைக்காரர் திருப்பி அனுப்பும் மிச்சம், எல்லாம். கதைசொல்லி அந்தக் கணக்கை வாங்கி, நாளுக்கு ஒரு பொதியின் காசு என்று 381 நாளுக்குப் பெருக்கிக் காட்டினார். மண்டபத்தில் எல்லோரும் கூடவே கணக்குப் பார்த்தார்கள். மேடையில் நிற்பவர்களுக்குப் பின்னால் அடுப்படியில் நின்றவர்கள் என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை, ரூபாய் சதமாகச் செய்து காட்டிய இடம் இது.

கடைசியாக ஹேமர். நிகழ்ச்சியின் உச்சம் இதுதான், முக்கால் மணி நேர வடிவத்தில் மிகவும் சுருங்கிப்போவதும் இதுதான். மிசிசிப்பியில் குத்தகைக்குப் பருத்தி செய்த குடும்பத்தில் 20ஆவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கியவர். இளம்பிள்ளை வாதத்தால் கால் சற்று இழுக்கும். கதைசொல்லி அந்த நடையை மிகக் கொஞ்சமாகவே காட்டினார், கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். 1961இல் கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவரின் கருப்பையை அவரிடம் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவுமில்லை. பின்வரிசையில் ஒருவர், “இங்கேயும் நடந்ததுதானே” என்றார். கதைசொல்லி அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

1962 ஓகஸ்ட் 31ஆம் திகதி, வாக்காளராகப் பதிய ஹேமர் வேறு 17 பேரோடு பஸ்ஸில் இண்டியனோலா நகருக்குப் போனார். அப்போது அவருக்கு 44 வயது. தன்னைப் போன்றவர்களுக்கு வாக்குரிமை உண்டு என்பதே அந்த ஆண்டுதான் அவருக்குத் தெரியவந்தது. மாநில அரசியலமைப்பிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்லித் தோற்கடித்தார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸின் நிறம் பிழை என்று சொல்லிச் சாரதிக்குத் தண்டம் விதித்தார்கள். பயந்துபோயிருந்த பஸ்ஸுக்குள் ஹேமர் தேவாலயப் பாட்டுகளைப் பாடினார். அன்றிரவே தோட்டத்து முதலாளி, பதிவு விண்ணப்பத்தை மீளப்பெறு அல்லது வெளியேறு என்றான். 18 ஆண்டு உழைத்த இடம். உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று பதில் சொல்லிவிட்டு வெளியேறினார். 1963 ஜூனில் வினோனா நகரச் சிறையில் அவரை அடித்த அடி சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது.

1964 ஓகஸ்ட் 22ஆம் திகதி அட்லாண்டிக் சிற்றியில் ஜனநாயகக் கட்சியின் மாநாட்டுக் குழுவின் முன்னால், மிசிசிப்பியின் வெள்ளையர் மட்டுமே இருந்த பிரதிநிதிகளுக்குப் பதிலாகத் தங்கள் குழுவுக்கு ஆசனம் கேட்டு அவர் சாட்சியம் சொன்னார். கதைசொல்லி வாங்கை நடுவில் இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து, கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஹேமர் தொடங்கியபடியே தொடங்கினார். பெயர். வீட்டு இலக்கம். தெரு. ஊர். மாநிலம். அவ்வளவுதான். அந்த இடத்திலேயே முன்வரிசையில் இருந்த தாய்மாரிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஆணைக்குழுக்களுக்கு முன்னால் பெயரும் முகவரியும் கிராம சேவகர் பிரிவும் சொல்லிச் சொல்லியே காலத்தைக் கழித்தவர்கள் அவர்கள். அந்த வாங்கு அவர்களுக்குத் தெரிந்த வாங்கு.

ஹேமர் பேசிக்கொண்டிருந்தபோதே ஜனாதிபதி ஜோன்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பொன்றைக் கூட்டித் தொலைக்காட்சியைத் தன் பக்கம் திருப்பினார். ஆனால் தொலைக்காட்சி நிலையங்கள் அன்றிரவு சாட்சியத்தை நாடு முழுவதற்கும் ஒளிபரப்பின, பகலில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். இதைக் கேட்டதும் முன்வரிசை அம்மா ஒருவர் எழுந்து நின்றே கை தட்டினார். இரண்டு ஆசனம் தருகிறோம், ஒத்துப்போங்கள் என்ற சமரசத்தை ஹேமரின் குழு மறுத்ததையும், 1968 மாநாட்டில் அவர் பிரதிநிதியாக ஆசனத்தில் அமர்ந்ததையும் சொல்லி நிறுத்தினார்.

பிறகு நடந்த கலந்துரையாடல் நிகழ்ச்சி அளவுக்கே நீண்டது. இதற்கும் சேர்த்தே நேரம் ஒதுக்குங்கள். இலங்கையில் 1931இலேயே படிப்பு, சொத்து எதுவும் கேட்காமல் 21 வயதான பெண்களுக்கும் வாக்குக் கிடைத்துவிட்டது, மிசிசிப்பியில் ஹேமர் 1962இல் அதற்காகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார் என்று நான் சொன்னேன். உடனே பழைய மாணவி ஒருத்தி, “ரீச்சர், 1948இல் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்” என்றாள். சரியாகச் சொன்னாள்.

அதைவிடக் கூர்மையான கேள்வியை வயதான ஒருவர் கேட்டார். எங்களுக்குள்ளேயே அடிமை வைத்திருந்தார்களே, அதை ஏன் கதையில் சொல்லவில்லை? நிகழ்ச்சியின் பெரிய இடைவெளி அதுதான் என்று நானும் நினைக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாக ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனிப்பகுதியே உண்டு. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல். அதன் பிறகும் கிணறு, கோயில், தேநீர்க் கடை என்று சாதியின் பெயரால் மறித்தவர்கள் தமிழர்களே. ட்ரூத்துக்காகக் கோட்டைப் பக்கம் கை நீட்டியவர், அந்தக் கையை நம் பக்கமும் திருப்பியிருக்க வேண்டும். கதைசொல்லி மறுப்புச் சொல்லவில்லை. சில ஊர்களில் அதைச் சொன்னபோது அழைத்தவர்களே நிறுத்தச் சொன்னதாகவும், அதன்பின் கேட்டால் மட்டும் பேசுவதாகவும் சொன்னார். நீங்கள் அழைக்கும்போது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று முதலிலேயே கேளுங்கள். கேட்டால் செய்வார்.

இனி அழைப்பவர்களுக்குச் சில விபரம். ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தது துணி உரசும்போதெல்லாம் கரகரத்தது, பாதியில் அணைத்துவிட்டோம். நூறு பேர் இருக்கும் மண்டபத்துக்கு அவருடைய குரல் தாராளமாகப் போதும், மின்விசிறிகளை மட்டும் மெதுவாக விடுங்கள். வெல்ஸ் பகுதியிலும் ஹேமரின் சிறைப் பகுதியிலும் வன்முறை வருகிறது, ஆகவே பத்தாம் ஆண்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேர வடிவமே பொருத்தம். சாதாரண தரம், உயர்தர மாணவிகளுக்கும் பெரியவர்களுக்கும் முழு வடிவத்தைக் கேளுங்கள். இடைவேளை கிடையாது, தேநீரைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். மாசி, பங்குனியில் அறுவடை, வயல் பெண்கள் வரமாட்டார்கள். ஐப்பசிக்குப் பின் மழை பிடித்துவிடும். ஆனியிலிருந்து ஆவணிக்குள், பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தால் மூதூர், கிண்ணியாப் பக்கத்தவர்கள் கடைசி பஸ்ஸுக்கு முன் வீடு போய்ச் சேரலாம். ஒரு மாதம் முன்னதாகவே திகதியைச் சொல்லிவிடுங்கள். சபையில் யார் யார் இருப்பார்கள், என்ன துயரத்தோடு இருப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கேற்பத் தயாராகி வருவார்கள். எங்கள் சங்கம் அடுத்த ஆண்டுக்கும் அவர்களிடம் திகதி கேட்டிருக்கிறது, தென் கரோலினாவில் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்து வாக்காளராக்கிய செப்டிமா கிளார்க்கின் கதையை இந்த முறை சேர்க்கச் சொல்லி.